தாழ்ப்பாள்

பிராதில் என் பெயர் நாகவேணி, வாதி.
அவர் பிரதிவாதி.
பேக்டரியில் அவர் சார்,
நான் ஏய்.

ஆனி மாசம். காவேரிப்பட்டணம் ரோட்டில்
பெங்களூரா லாரிகள் வரிசைகட்டி நின்றன.
கூழ் கொதிக்கிற வாடை
துவைத்த சேலையிலும் போகாத நாட்கள்.
எடைமேடை கேசவமூர்த்தியின் போனைக் காணோம்.
கடைசியாக அந்தப் பக்கம் கூட்டியது நான்.

சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்தார்.
ராகிக் களி சிமெண்ட் தரையில்
உருளக்கூட இல்லை, விழுந்த இடத்தில் உட்கார்ந்தது.
தலையில் மாட்டிய வலையைப் பிடித்து இழுத்தார்,
அதற்குள் ஒளித்திருப்பேனாம்.
டின் அடுக்கும் அறைக்குள் போ என்றார்.
போனேன்.
பின்னால் இரும்பு இரும்பில் இறங்கியது.

நாற்பது நிமிடம்.
போன் அவர் ஸ்கூட்டர் பெட்டிக்குள்ளிருந்து அடித்தது.

"அடிச்சாரா?" என்றார்கள் ஸ்டேஷனில்.
இல்லை.
"அப்புறம் என்னம்மா?"

அந்த அப்புறம் என்ன-வைத்தான்
பழையபேட்டையில், ஜெராக்ஸ் கடை மாடியில்
வக்கீல் தில்ஷாத் பேகம் எழுதிக்கொண்டார்.
"காயம் தேடாதீங்க.
கேக்காம உங்க தலையில கை வெச்சாரு, அது ஒண்ணு.
உங்க சோத்தக் கொட்டினாரு.
தாழ்ப்பாள் போட்டாரு பாருங்க, அதான் பெருசு."

சாருக்கு என்மேல் பகை கிடையாது மேடம்,
போன் போன பதட்டம், என்றேன்.
"பகையை யாரு கேட்டா?
தாழ்ப்பாள் தானா விழுந்துச்சா, கை போட்டுச்சா?"
கை.
"தெரிஞ்சு போட்டுச்சா?"
தெரிஞ்சுதான்.
"போதும்."

கோர்ட்டில் எதிர்வக்கீல் கேட்டார்:
அறையில் ஜன்னல் இருந்ததா?
இருந்தது.
என் தோள்மேல் இன்னொரு நான் நின்றால் எட்டும்.
கதவைத் தட்டினீர்களா?
முதலில் இல்லை.
ஏன்?
திறந்துவிடுவார் என்றிருந்தேன்.
நீங்களாகத்தானே உள்ளே போனீர்கள்?
போகச் சொன்னார், போனேன்.
இருக்கச் சொல்லவில்லை.

அவர் பேனா எடுத்துக் கணக்குப் போட்டார்.
நாள் கூலி முன்னூற்று அறுபது, எட்டு மணி நேரம்.
நாற்பது நிமிடத்துக்கு முப்பது ரூபாய்.
அதையும் பிடிக்காமல் கம்பெனி கொடுத்திருக்கிறது, யுவர் ஆனர்.
நஷ்டம் எங்கே?
பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.
டைப்பிஸ்ட் முப்பதை அடித்து முடித்தார்.

தில்ஷாத் மேடம் எழுந்தார்.
அது வேலைக்குக் கொடுத்த கூலி,
பூட்டப்பட்டது வேலை அல்ல, என்றார்.
எனக்கு அது புரிவதற்குள்
கோர்ட் வாசல் டீ ஆறிவிட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.
அந்த அறையில் சவுடம்மாவும் இருந்தாள்.
இரவு ஷிப்ட் முடித்து
அட்டைப்பெட்டி விரித்து
டின் வரிசைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள்.
நான் கதவை உள்ளங்கை சிவக்கத் தட்டியபோதும் எழவில்லை.
திறந்த பிறகு எழுந்து, கொண்டையை முடிந்து,
வீட்டுக்குப் போனாள்.

"அவங்களையும்தான் அடைச்சிருக்காரு" என்றார் மேடம்,
"தூக்கத்துல தெரியாமப் போனாலும்
வெளிய போற வழி இல்லாமத்தானே இருந்துச்சு.
வாதாடிப் பார்க்கலாம், கூட்டிட்டு வாங்க."

சவுடம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.
"தூங்கினதுக்கு காசா?
பதினோரு ராத்திரிக்கு அப்புறம்
அன்னிக்குத்தாண்டி நல்லாத் தூங்குனேன்."
கையெழுத்துப் போட வரவில்லை.

வாய்தா கார்த்திகைக்குப் போயிருக்கிறது.
எனக்கு இப்போது வேறு பேக்டரி, வேறு சார்.

பழைய இடத்தில் இருக்கிறவர்கள் சொன்னார்கள்:
சீசன் முடிகிறவரை சவுடம்மா
அதே அறையில்தான், அதே அட்டையில்தான் படுத்தாளாம்.
படுக்குமுன் மட்டும்
கதவுக்கும் நிலைக்கும் நடுவே
ஒரு செருப்பைச் செருகிவிட்டு.